தொட்டி நிழல் விழும் நேரம்

அளக்காட்டுக் கால்பந்து மைதானத்தில் கடிகாரம் கிடையாது. வைத்த கடிகாரங்களையெல்லாம் உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. வடமேற்கு மூலையில் தண்ணீரே ஏறாத பழைய தொட்டி ஒன்று நெட்டைக் கால்களில் நிற்கிறது, அதுதான் ஊருக்குக் கடிகாரம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அதன் நிழல் புல்மேல் ஊர்ந்து வந்து வடக்கு கோல் கம்பத்தைத் தொடும். தொட்ட மாத்திரத்தில் படிகளில் இருக்கும் சனம் மொத்தமும் எழுந்து, "தொட்டி விழுந்தாச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தும்.

எதிரணிக் கீப்பர் பாடு அப்போது திண்டாட்டம்தான். பாதி கோல் இருட்டு, பாதி கோல் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். பந்து எதிலிருந்து வருகிறது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் உள்ளூர் உப்பளத்துப் பெண்கள் ஒரு கோல் போட்டுவிடுவார்கள். டாஸில் தோற்றாலும் இவர்களுக்குக் கவலை இல்லை. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் இசக்கி எதிரணித் தலைவியிடம் போய், "மொதப் பாதியில வடக்க நிக்காதீங்கக்கா, கடல் காத்து மூஞ்சியில அடிக்கும்" என்று அக்கறையாகச் சொல்வாள். அவர்களும் நம்பித் தெற்கே போவார்கள். இரண்டாம் பாதியில் தொட்டி நிழலுக்கு வாகாக வடக்கே வந்து மாட்டிக்கொள்வார்கள். உப்பு விளைகிற ஊரில் இந்த அளவு கள்ளத்தனம்கூட இல்லாவிட்டால் எப்படி?

இந்தக் கதை நடக்கிற காலத்தில் வெயில் வானிலைச் செய்தியை விட்டு ஆஸ்பத்திரிச் செய்திக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய ஊர் மைதானங்களுக்கெல்லாம் வான்தோல் போட்டுவிட்டார்கள். வான்தோல் என்றால் முட்டைத் தோல் கனத்தில் ஒரு கூரை. தூண் கிடையாது, உள்ளே இருக்கும் காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும். வெயிலின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் குடித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். கூரை போட்ட ஊர்களுக்கு ஆட்டத்தை நேரலையில் காட்டும் டிவிக்காரர்கள் நல்ல நல்ல நேரமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். கூரை இல்லாத மைதானம் என்று நாட்டில் மிஞ்சியது தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கும் இது ஒன்றுதான். யாருக்கும் வேண்டாத நாலு மணி ஆட்டம் இதன் தலையில் விழுந்தது.

போன சித்திரையில் அந்த நாலு மணி ஆட்டம் ஒன்றில்தான் இசக்கி விழுந்தாள்.

பந்தைத் தலையால் முட்டிவிட்டுத் திரும்பியவள், யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகப் பார்த்தாள். அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். கோலில் நின்றிருந்த செசிலிதான் முதலில் ஓடிப் போய்த் தாங்கினாள். தோழியின் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பானையாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நடை தள்ளாடியது. பேச்சு ஒவ்வொரு எழுத்தாக, தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல வந்தது. இருபத்தொன்பது வயதில் அவளுக்குப் பந்தோடு இருந்த உறவு முடிந்தது.

"வெயில் அடிச்சிட்டு" என்றது ஊர். கால்பந்துக் கழகச் செயலாளர் மிக்கேல் அண்ணாச்சி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அதுவரை கூரை என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர், "இனி ஒரு பிள்ளை இந்தப் புல்லுல விழப்பிடாது. கூரை போடுதோம். இசக்கி பேரையே வைக்கோம்" என்றார். மறுத்துப் பேச யாருக்கு நாக்கு வரும்?

செசிலிக்கு வந்திருக்கும். ஆனால் அவள் காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

செசிலிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் பக்கத்திலிருந்து அடித்த பந்து கண்ணில் பட்டது. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்றும், செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை என்றும் மதுரை டாக்டர் சொன்னார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கழகம் வருஷா வருஷம் நடத்தும் கண் பரிசோதனையில் இடது கண்ணுக்கு உரிய எழுத்துகளை வலது கண்ணால் முன்பே பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஒற்றைக் கண்ணுக்குப் பந்து கிட்டே இருக்கிறதா எட்ட இருக்கிறதா என்பது பிடிபடாது. தரையோடு வரும் பந்து பரவாயில்லை. வானத்தில் எழும்பி வரும் பந்துதான் எமன். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பது. பந்து மேலே போனால் அதன் நிழல் கிழக்கே எங்கோ தள்ளிப்போய் விழும். பந்து இறங்க இறங்க நிழலும் புல்மேல் ஓடி வரும். இரண்டும் எந்த இடத்தில் சேரப்போகின்றனவோ அந்த இடத்தில் அவள் கை இருக்கும். மாசியில் எவ்வளவு தள்ளி, சித்திரையில் எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துபோயிற்று. சில சாயங்காலங்களில் ஆட்டம் ஒரு கனவுபோல நடக்கும். வெள்ளை உப்பு அம்பாரங்களின் பளபளப்பில் ஆட்கள் கரைந்து போவார்கள். சத்தம் அடங்கிவிடும். புல்மேல் கறுப்பாக உருண்டு வரும் அந்தப் பொட்டு மட்டும் மிஞ்சும். அவள் போய் அதைப் பொறுக்கிக்கொள்வாள்.

வெளியூர் மைதானங்கள் எல்லாவற்றிலும் வான்தோல் இருந்தது. வான்தோலின் கீழ் நிழல் விழாது. அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பஸ் ஏறினால் வாந்தி வருகிறது என்றாள். முதல் இரண்டு பயணத்தில் விரலை விட்டு எடுத்தும் காட்டினாள். அதன்பிறகு வெளியூர் ஆட்டங்களுக்கு சின்னப் பெண்ணான இரண்டாவது கீப்பர் போவாள், உள்ளூருக்குச் செசிலி என்று ஏற்பாடாகிவிட்டது. "வீட்டுக் கோழி" என்று படிகளிலிருந்து கேலி பேசுவார்கள். உள்ளூரில் அவளைத் தாண்டிக் கோல் போடுவது அபூர்வமானதால் அந்தக் கேலியில் செல்லமும் இருந்தது.

ஆகவே கூரை வந்தால் செசிலி இல்லை. கூரை வராவிட்டால் இன்னொரு இசக்கி. இதுதான் அவள் நெஞ்சில் கிடந்து அரித்தது.

வான்தோல் கம்பெனியிலிருந்து தண்டபாணி என்று ஒரு இன்ஜினியர் வந்து இறங்கினார். பொள்ளாச்சிக்காரர். தோளில் சுருட்டிய பாய் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெற்கு கோலுக்கு மேலே நாலு மூலையிலும் கயிறு கட்டி அந்தப் பாயை விரித்தபோது, அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கி எழும்பிப் பெரிய குடையாக நின்றது. அதன் கீழே போனவர்கள் "அம்மாடி" என்றார்கள். மார்கழி விடியற்காலையில் நிற்பதுபோல் இருந்தது. தங்கள் காலடியைப் பார்த்தவர்கள் மறுபடியும் "அம்மாடி" என்றார்கள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கையை ஆட்டினாலும் தரையில் எதுவும் ஆடவில்லை.

"என்னங்கய்யா, நிழலைக் காணும்?" என்று மிக்கேல் அண்ணாச்சி கேட்டார்.

"வெளிச்சம் ஒரு எடத்துல இருந்து வந்தாத்தானுங்க நிழல் விழும்" என்றார் தண்டபாணி. "இந்தத் தோலு வெளிச்சத்த வாங்கி எல்லாப் பக்கத்துல இருந்தும் ஒரே மாதிரி விடுதுங்க. நிழலுக்கு நிக்கறதுக்கு எடமில்லைங்க. டிவிக்காரங்களுக்கு அதுதானுங்க ரொம்பப் புடிச்சது."

படிகளில் உப்பு வாருகிற பெண்கள் சிலர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, "வெளையாடுதவளுக்குக் கூரை போடுதிய. அங்கன உப்புப் பாத்திக்குள்ள நாள் முழுக்க நிக்கவளுக்கு என்ன போடுதிய?" என்று கேட்டாள்.

தண்டபாணி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "உப்புக்குச் சூடு வேணுமேங்க அம்மா. தோலப் போட்டா உப்பு வெளையாதுங்களே."

"உப்புக்கு வேண்டியதெல்லாம் யோசிச்சு வச்சிருக்கிய" என்றாள் அவள்.

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி. பேர் பெற்ற கீப்பர் நிற்கட்டும் என்று செசிலியைக் கூப்பிட்டார். தட்டிக்கழிக்க ஒரு சாக்கும் அகப்படவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் குளிர்ந்த வெளிச்சத்துக்குள் போய் நின்றாள்.

முதல் பந்து மூலையிலிருந்து எழும்பி வந்தது. அவள் பழக்கத்தில் தரையைப் பார்த்தாள். புல் இருந்தது, வெறும் புல். மேலே பார்த்தாள். பாலில் மிதக்கும் ஒரு வெள்ளை உருண்டை. அது பெரிதாகிறதா, வருகிறதா, நிற்கிறதா? கை நீட்டியபோது பந்து முதுகுக்குப் பின்னால் வலையில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பந்துக்கு முன்கூட்டியே குதித்தாள். மூன்றாவது பந்து தலையில் விழுந்தது.

படிகள் சிரிப்பில் அதிர்ந்தன. "நடிக்காட்டி! என்னமா நடிக்கா பாரு!" என்று ஒருத்தி கைதட்டினாள். தொட்டி நிழல் போய்விடுமே என்று உள்ளுக்குள் கூரை வேண்டாம் என்றிருந்த கூட்டத்துக்குக் கொண்டாட்டம். கூரையைக் கவிழ்க்கச் செசிலி வேண்டுமென்றே கோல் விடுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மிக்கேல் அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார். கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "இசக்கி உங்கூடப் பொறந்தவ மாதிரின்னு நெனச்சிருந்தேன். அவ பேருல வார கூரையை இப்படிக் கேலிக்கூத்து ஆக்குதியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

எல்லோரும் போனபிறகு தண்டபாணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாங்களா? பந்து மேல இருக்கறப்ப நீங்க கீழ பாத்தீங்க."

"வெக்கத்துல குனிஞ்சிருப்பேன்."

"மொதப் பந்துக்கே வெக்கமுங்களா?"

அவர் தோலை நிதானமாகச் சுருட்டினார். மனுஷர் நல்லவர்தான், ஆனால் வாயை மூடத் தெரியாத நல்லவர்.

"எனக்கு இன்னொண்ணும் புரியலைங்க. கூரை ஏன் வேணும்னு அறிக்கை எழுதறதுக்காக, இசக்கியம்மா விழுந்த ஆட்டத்தோட பதிவையெல்லாம் எடுத்துப் பாத்தேன். வெயில் அடிச்சிருச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க. அன்னைக்கு வெயிலே இல்லைங்களே. ஆட்டம் பூரா மேக மூட்டம். அதுதானுங்க மோசம். காத்து ஈரமா நிக்கும், வேர்வை காயாது, உடம்புச் சூடு வெளிய போக வழியில்ல."

"அப்படியா?" என்றாள் செசிலி. மூட்டம்தான். நினைவிருக்கிறது. அன்றைக்குத் தொட்டி விழவே இல்லை. சனம் எழுந்து கத்தாத ஆட்டம் அது ஒன்றுதான்.

"ஆனா அதே மூட்டத்துலதானுங்க எல்லாரும் ஆடுனாங்க. விழுந்தது அவுங்க ஒருத்தர்தான். மத்தவங்க ஓடுனதுல ரெண்டு பங்கு ஓடியிருக்காங்க. கோலுக்கு வர்ற ஒசரமான பந்து ஒண்ணுவிடாம இவுங்களே ஓடி வந்து முட்டியிருக்காங்க. கீப்பர் எடுக்க வேண்டிய பந்துங்க. எதுக்கு அப்படி ஓடுனாங்கன்னுதான் தெரியல."

செசிலி கையுறையைக் கழற்றினாள். கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். தெற்கே உப்புப் பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. அதில் எது தரை, எது மேகம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தினமும் காலையில், சூடு ஏறுவதற்கு முன்னால், செசிலி இசக்கியை மைதானத்துக்குக் கூட்டி வந்து எல்லைக்கோட்டின்மேல் நடக்கவைப்பாள். கோட்டைவிட்டு விலகாமல் நடக்கப் பழக வேண்டும் என்பது டாக்டர் சொன்ன பயிற்சி. மறுநாளும் நடந்தார்கள். அதற்கு அடுத்த நாள் கூரை வேண்டுமா வேண்டாமா என்று கழகத்தில் ஓட்டெடுப்பு. இளம் வெயிலில் இரண்டு நிழல்களும் மேற்கே நீண்டு புல்லைத் தாண்டிப் படிகளில் ஏறி மடங்கின. ஒன்று நேராக, ஒன்று ஆடி ஆடி.

அன்றைக்கு நீ எதற்கு அப்படி ஓடினாய் என்று கேட்க வேண்டும். கேட்டால், உனக்கு என் கண் விஷயம் தெரியுமா என்று அடுத்த கேள்வியும் வந்துவிடும். தெரியாது என்று அவள் சொன்னால் நிம்மதி. தெரியும் என்று சொன்னால்? செசிலிக்கு இசக்கியின் பழைய குரல் காதில் கேட்டது. ஆட்டம் முழுக்க அவள் வாய் ஓயாது. "செசிலி, பின்னால! செசிலி, வலது! வாட்டி வெளிய!" கீப்பரை இப்படி விரட்டுகிற ஸ்டாப்பரை எங்குமே பார்த்ததில்லை என்று எதிரணிகள் சிரிக்கும். அதிகாரம் பண்ணுகிறாள் என்று செசிலியும் சமயத்தில் எரிந்து விழுந்திருக்கிறாள்.

"எ...ன்...ன?" என்றாள் இசக்கி.

"ஒண்ணுமில்லட்டி. கோட்டைப் பாத்து நட."

"நா...ளைக்கு... நீ எந்தப் பக்கம்?"

"தெரியல. நீ?"

இசக்கி சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிய அந்தச் சிரிப்பு செசிலிக்குப் பழகிவிட்டிருந்தது. கோட்டைப் பார்த்து அடுத்த அடியை வைத்தாள்.

அளக்காட்டுக் கழகத்தில் சீட்டுப் போட்டு ஓட்டெடுக்கும் வழக்கம் இல்லை. மைதானத்தில் இறங்கி நிற்க வேண்டும். வேண்டும் என்பவர்கள் தெற்குப் பாதி, வேண்டாம் என்பவர்கள் வடக்குப் பாதி. ஒளிவு மறைவு கிடையாது. அண்டை வீட்டான் எங்கே நிற்கிறான் என்பது வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். கடைசியாக நடப்பவள் கீப்பர். எல்லோரும் ஓடும்போது நின்ற இடத்தில் நின்று பார்க்கிறவள் அவள்தானே என்று அந்தக் காலத்தில் யாரோ வைத்த ஏற்பாடு. அதுவரை அவள் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் காரியம் தீர்ந்திருக்கும். கீப்பர் சும்மா ஒரு பக்கம் நடந்துவிட்டுப் போவாள்.

இம்முறை அப்படித் தீரவில்லை. சனம் சரிபாதியாகப் பிளந்து நின்றது. உப்பு வாரும் பெண்கள் வடக்கே போனார்கள். தொட்டி நிழலால் ஜெயித்த ஆட்டங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கிழடுகளும் வடக்கே. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தாய்மார் தெற்கே. அணியில் ஆடும் பெண்கள் தெற்கே. நேரம் சாயங்காலம் ஆனதால் தொட்டியின் நிழல் வடக்குப் பாதியின்மேல் படர்ந்துகொண்டிருந்தது. கூரை வேண்டாம் என்றவர்கள் நிழலிலும் வேண்டும் என்றவர்கள் வெயிலிலும் நின்றார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கக்கூட அன்றைக்கு யாருக்கும் மனசில்லை.

நடக்க வேண்டியது இரண்டு பேர் மட்டும். இசக்கியும் செசிலியும்.

"இசக்கிக்கு நாற்காலி போடுங்கடே" என்றார் மிக்கேல் அண்ணாச்சி தெற்கிலிருந்து. "அவ எங்க நிப்பான்னு யாருக்குத் தெரியாது?"

இசக்கி நாற்காலியைத் தள்ளினாள். நடுவட்டத்திலிருந்து கிளம்பினாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள், அடுத்த அடி வைத்தாள். அவள் எந்தத் திசையில் போகிறாள் என்பது சனத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. தள்ளாட்டத்தில் வழி தப்பிவிட்டாள் என்று நினைத்து ஒருவர் கையைப் பிடித்துத் திருப்ப வந்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வடக்கே போனாள். தொட்டி நிழலுக்குள் நுழைந்து, உப்புப் பெண்களுக்குப் பக்கத்தில், திரும்பி நின்றாள்.

மிக்கேல் அண்ணாச்சி வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். யாருடைய பேரைக் கூரைக்கு வைக்கப் போகிறார்களோ அவளே வேண்டாம் என்கிறாள். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

செசிலிக்கு விளங்கியது. கால்கள் தாமாக வடக்கே நடந்தன. அவளும் வேண்டாம் பக்கம் போகிறாள் என்று கிழடுகள் கைதட்டத் தொடங்கினார்கள். அவள் நேராக இசக்கியின் முன்னால் போய் நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமாட்டி?" என்று மெல்லக் கேட்டாள்.

"லா...ரி" என்றாள் இசக்கி.

"என்ன லாரி?"

"பனி...மய மாதா திருவிழாவுக்கு... உப்பு லாரியில... போனோம்ல. போகவர... பாட்டுப் படிச்சிட்டே... வந்தே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "லாரியில வராத வாந்தி... பஸ்ஸுல... வருமாட்டி?"

"எப்பட்டி தெரியும்? எப்ப இருந்து?"

"அந்த... வருசமே. வாந்தி பொய்னா... வேற என்னன்னு... பாத்தேன். நீ... கீழயே... பாத்தே."

ஏழு வருஷம். ஏழு வருஷமாக அந்தக் குரல் அவளுக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. அவளோ, எல்லாம் தன் சாமர்த்தியம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். செசிலிக்குக் கண்ணீர் இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்தது. பார்க்கத் தெரியாத கண்ணுக்கும் அழத் தெரிந்திருந்தது.

"அன்னைக்கு மூட்டம்" என்றாள்.

"ம்."

"நிழல் இல்லைன்னு ஓடுனியாட்டி? எனக்காக ஓடுனியா?"

"பின்ன... யாருக்கு ஓடுவாக? பந்து... வந்துச்சு. ஓடுனேன்." இசக்கி அவள் முழங்கையைப் பிடித்தாள். "இங்க... நில்லு. கூரை வந்தா... ஒனக்கு... ஆட்டம் போயிரும்லா."

செசிலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள். இன்றைக்குத் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. நாளைக்கு மூட்டம் போடும். அப்போது இந்தப் புல்லில் யாரோ ஒருத்தி யாரோ ஒருத்திக்காக இரண்டு பங்கு ஓடுவாள். ஓடாதே என்று சொன்னால் கேட்கிற பெண்கள் இந்த அணியில் கிடையாது.

"போனாப் போகுது. வாட்டி" என்றாள்.

இசக்கியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். இருவரும் நிழலைவிட்டு வெளியே வந்தார்கள். நடுக்கோட்டைத் தாண்டினார்கள். வெயிலுக்குள் நடந்தார்கள். அவர்களுடைய நிழல் பக்கவாட்டில் நீண்டு ஒரே ஆளுக்கு நாலு கால் முளைத்ததுபோல விழுந்து கூடவே வந்தது. தெற்குப் பாதியை அடைந்ததும் செசிலி மிக்கேல் அண்ணாச்சியின் கையில் தன் கையுறைகளைக் கொடுத்தாள்.

"கூரை போடுங்க அண்ணாச்சி. இது இனி சின்னவளுக்கு. எனக்கு இடது கண்ணு தெரியாது. ஏழு வருசமாத் தெரியாது. அன்னைக்கு நான் நடிக்கல."

அண்ணாச்சி கையுறைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்: "அப்ப அந்தப் பஸ் வாந்தி?"

வான்தோல் எழும்பியது. உப்பளத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு பெரிய குமிழி. மேலும் ஒரு அம்பாரம் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். இசக்கி பேர் வேண்டாம் என்று இசக்கியே அடம்பிடித்ததால் அதற்குப் பேர் வைக்கவில்லை. உப்புப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக, மதியத்தில் கதவைத் திறந்துவைத்து, அவர்கள் வந்து புல்லில் படுத்துக்கொள்ளலாம் என்று கழகம் முடிவு செய்தது. பதில் முழுசாக இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் வந்து படுத்தார்கள். நிழலே இல்லாத இடத்தில் வரிசையாக உறங்கும் அந்தப் பெண்கள் தரையில் படுத்திருப்பவர்கள் போலவே தோன்றமாட்டார்கள், அந்தரத்தில் மிதப்பவர்கள் போலிருக்கும்.

திறப்பு நாளன்று பழைய ஆட்டக்காரிகளை வைத்து ஒரு விளையாட்டு ஆட்டம் வைத்தார்கள். செசிலி கொஞ்ச நேரமாவது கோலில் நிற்க வேண்டும் என்று சனம் விடாப்பிடியாகக் கேட்டது. கோல் விடுவேன் என்றாள். விடு என்றார்கள். நின்றாள். அவளுக்குப் பின்னால், வலைக்கு வெளியே, ஒரு நாற்காலியைப் போட்டு இசக்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் படிகளில் இருந்த சனம் தன்னை அறியாமல் எழுந்தது. "தொட்டி விழுந்..." என்று தொடங்கி நிறுத்தியது. எல்லோரும் வடக்கு கோலைப் பார்த்தார்கள். புல் ஒரே பச்சையாக இருந்தது. உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் சனம் நின்றது. கூரைக்கு உள்ளே அப்படியொரு அமைதி.

அந்த அமைதியில்தான் மூலையிலிருந்து பந்து எழும்பியது. செசிலி பாலுக்குள் பார்ப்பதுபோல் மேலே பார்த்தாள்.

"வ..." என்றது பின்னாலிருந்து இசக்கியின் குரல். "வ...ல..."

பந்து வலது மூலையில் வலைக்குள் போய் விழுந்தது.

"...து."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. செசிலி போய்ப் பந்தை எடுத்தாள். வலையின் ஓட்டை வழியாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேட்டுட்டி" என்றாள் செசிலி.

"அடுத்தது... மொதல்லயே... சொல்லுதேன். நீ... நில்லு."

செசிலி பந்தை எறிந்துவிட்டுக் கோலுக்குத் திரும்பினாள். கைகளை விரித்தாள். இம்முறை மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து வரப்போகும் முதல் எழுத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.